ஒரே வரிசையில் ஆறு சத்தங்கள்

என் மகளுக்கு நான்கு வயதில் காதுக் கருவி போட்டார்கள். அன்று காது பரிசோதிக்கும் பெண் எனக்கு ஆறு சத்தங்களைச் சொல்லிக் கொடுத்தார். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தினமும் காலையில் கருவியை மாட்டியதும் பிள்ளையின் பின்னால் நின்று, வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். மனிதர் பேசும் பேச்சிலுள்ள தடித்த சத்தம் முதல் மெலிந்த சத்தம் வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும் என்றார். ஆறும் கேட்டால் அன்றைக்குப் பேச்சு கேட்கும். ஒன்று குறைந்தால் கருவியையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் உடனே அவரிடம் போக வேண்டும்.

"உடனேன்னா உடனே வரணும் அக்கா. கிளினிக் தேதி வரட்டும்னு இருந்துறாதீங்க. இந்த மாதிரிப் புள்ளைகளுக்கு இப்ப கேக்கிற கொஞ்சமும் ஒரு கட்டத்துல மளமளன்னு குறையலாம். குறைஞ்சா ஆபரேஷனுக்கு அனுப்பணும். நேரத்தோட அனுப்பினாத்தான் பேச்சு தங்கும்."

அவர் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் எதிர்க்கேள்வி கேட்காமல் தலையாட்டுவதைப் பார்த்து, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ தெரியாது, வாசல்வரை வந்து இன்னொரு முறை சொன்னார்.

"வரிசைய மாத்தி மாத்திச் சொல்லுங்க. நடுவுல சும்மாவும் இருங்க. இல்லாட்டிப் புள்ளைங்க மனப்பாடமாக்கிருவாங்க."

எனக்கு விளங்கியிருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில், ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே, வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கண்டியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். நான் டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் பள்ளிக்கூட யூனிபோம் தைக்கிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, என் முப்பத்தாறாவது வயதில் பிறந்தவள் இவள். அதனால் அவளைப் பற்றி யார் எது சொன்னாலும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அழுவேன்.

மூன்று வருஷம் அந்தப் பெண் சொன்னபடியே செய்தேன். சத்தங்களை மாற்றிச் சொன்னேன். சில நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அப்போதெல்லாம் மகள் திரும்பிப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லல, கள்ளி," என்று சிரிப்பாள். ஒரு கொப்பியில் ஆறு கட்டம் போட்டு, சரியாகச் சொன்னதற்குச் சரி அடையாளம் போட்டு வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி," என்று அந்தப் பெண் சொல்வார். அவளைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. வரும்போது பஸ்ஸில் முழுக்க அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வருவேன்.

அவளுக்கு ஏழரை வயது நடந்தபோது, ஜூன் மாதம் ஒரு காலையில், நான் "ஸ்" என்றேன். அவள் சும்மா இருந்தாள். மறுபடி சொன்னேன். கருவியைக் கழற்றி, பேட்டரி மாற்றி, மாட்டி மறுபடி சொன்னேன். அவள் தோள் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது, கேட்பதற்கு முயற்சி செய்வதுபோல. பதில் வரவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அன்று அடுப்பு மூட்டவில்லை. கணவர் கடையில் பாண் ரொட்டி வாங்கி வந்தார். அவரும் அதைத் தொடவில்லை. மகள் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை நான் ஆறையும் வரிசையாகச் சொன்னேன். ம், ஊ, ஆ, ஈ, ஷ். கடைசியில் ஸ். அவள் உடனே "ஸ்" என்றாள்.

உடம்பிலிருந்து ஒரு சுமை இறங்கியதுபோல இருந்தது. நேற்று ஏதோ சளி, ஈரம், கருவிக்குள் வியர்வை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாளும் வரிசையாகச் சொன்னேன். பிறகு மாற்றவே இல்லை. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு காலையும் துணியை வாய்க்கு முன்னால் தூக்கும்போது, இன்று மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வரும். "ம்" என்று தொடங்கிவிடுவேன். சுவாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றியபின் அடுத்த வேலை அது. தேவாரம் போல ஆகிவிட்டது. தேவாரத்தில் யாரும் வரியை மாற்றுவதில்லை.

கொப்பியில் எல்லாக் கட்டத்திலும் சரி.

ஆகஸ்டில் பகல் பெரஹர ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனோம். மஹய்யாவவிலிருந்து என் கணவரின் அக்காவும் வந்திருந்தார். ரோட்டோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முன்னால் சவுக்கைத் தரையில் சொடுக்கும் சவுக்கடிக்காரர்கள் வந்தார்கள். சவுக்கு விழுந்ததும் வரிசையிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் துள்ளின. என் மகள் துள்ளவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் துள்ளியதைப் பார்த்து, அதற்குப் பிறகு துள்ளினாள். அடுத்த சவுக்குக்கும் அப்படித்தான். மூன்றாவது சவுக்கின்போது அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

மேளம் நெருங்கியதும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். "கேக்குது அம்மா. இங்க கேக்குது." அவளுக்கு மேளம் கேட்டதையே நான் பிடித்துக்கொண்டேன். சவுக்கை மறந்துவிட முடிவு செய்தேன்.

என் நாத்தனார் மறக்கவில்லை. பாயைச் சுருட்டும்போது சொன்னார்.

"உம்மகள நாலு தரம் கூப்பிட்டேன். திரும்பல. ராசாத்திக்கு என்ன, நம்ம மேல கோவமா?"

"பராக்குப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா அண்ணி."

"அது சரி. காதுல மாட்டினது என்ன, பூவா? அத ஏன் முடிய இறக்கி மூடி வச்சிருக்க? மூடினா எப்பிடிக் கேக்கும்?"

கணவர் சிரித்தார். "அக்கா, அது முடிக்கு மேலயும் கேக்கும். உங்க சத்தம் மஹய்யாவயில இருந்தே கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில். நான் நாத்தனார்மேல் கோபமாக இருந்தேன். வழி முழுக்க அந்தக் கோபத்தை விடவில்லை. கோபம் இருந்தால் வேறொன்றை யோசிக்கத் தேவையில்லை.

செப்டெம்பரில் கிளினிக் தேதி. அன்று அடைமழை. மேலே ரோட்டில் ஒரு மரம் சாய்ந்து பஸ் ஓடவில்லை. போக முடியாதது உண்மைதான். ஆனால் பஸ் இல்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்தது கவலை இல்லை. நிம்மதி. புதுத் தேதி எடுக்க வேண்டும். கணவர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். போன் எடுப்பவர்கள் சிங்களத்தில் வேகமாகப் பேசுகிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நேரில் போய் எடுக்கிறேன் என்றேன். கூச்சம் என் பிறவிக் குணம் என்பதால் அவர் நம்பினார். நான் போகவில்லை.

அதற்குள் அவள் பேச்சில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழ ஆரம்பித்தன. "பஸ்" என்பதன் கடைசிச் சத்தம் காணாமல் போனது. "பிஸ்கட்" வேறு ஏதோவாக வந்தது. பல்லு விழுகிற வயது என்று நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஓயாமல் சொல்லுவாள். இப்போது படம் கீறிக் காட்டினாள். டீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பினார்: பிள்ளை நல்ல பிள்ளை, வகுப்பில் சத்தமே போடுவதில்லை. அதை நான் கணவருக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. மழைக்காலத்தில் கணவர் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். மேட்டிலிருந்து கசியும் தண்ணீர் தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், அல்லது வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நின்றால், கவனம் வேண்டும். பின்பக்கம் அவர் மேட்டைப் பார்ப்பார். உள்ளே நான் மகளின் பின்னால் துணியோடு நிற்பேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம். நான்கு நாளாக விடாத மழை. கணவர் பின்பக்கம் இருந்தார். நான் முன்பக்கத் தாழ்வாரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டில் ஏதோ கிழிவதுபோலச் சத்தம் கேட்டது. கணவர் கத்தினார்.

"வெளிய வா. வெளிய வா, மண் வருது."

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களும் கத்தினார்கள். நாய் குரைத்தது. நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலுக்குள்ளே மகள் மேசையில் குனிந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் கருவி இருந்தது. ஒரு நிறப் பென்சிலை வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடி எடுத்தாள். கணவர் சமையலறை வழியாக ஓடி, அவளை உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெரிதாக ஒன்றும் விழவில்லை. நான்கைந்து தள்ளுவண்டி மண் வந்து தண்ணீர் ஓடும் கானை மூடியது, துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டது. அவ்வளவுதான். கணவர் மூச்சு வாங்கினார்.

"ஏன் வரல? இவ்வளவு கத்துறோம், ஏன் வரல?" என்று அவளிடம் கேட்டார். அவள் அவருடைய வாயையே பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "பேட்டரி செத்துப்போச்சா?"

அன்று காலைதான் நான் புதுப் பேட்டரி போட்டிருந்தேன். பழையதைக் குப்பையில் போட்ட கையின் ஞாபகம்கூட இருந்தது.

"ஆமா," என்றேன். "பேட்டரியாத்தான் இருக்கும்."

மகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கியது என்று எனக்குத் தெரியும். பேட்டரி மாற்றும்போது அவள்தான் புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துத் தந்தவள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து அவரிடம் பொய் சொன்னோம்.

அதற்குப் பிறகு நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் காலை மழை விட்டிருந்தது. நான் விளக்கு ஏற்றினேன். மகள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கருவிகளை மாட்டினேன். பின்னால் போய் நின்று, எப்போதும் செய்வதுபோல இடது கையை அவள் தோளில் வைத்தேன். வலது கையால் துணியை வாய்க்கு முன்னால் பிடித்தேன். அந்த நேரம் வெளியே கணவரின் போன் அடித்தது. யாரிடமோ பின்மேட்டைப் பற்றிப் பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக நான் தொடங்காமல் நின்றேன்.

"ம்," என்றாள் மகள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

நான் ஒரு சத்தம் சொல்வதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் விட்டாள். பிறகு, "ஊ." மறுபடி அதே இடைவெளி. "ஆ." என் கை அவள் தோளில் இருந்தது. அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஈ." வெளியே கணவர் சிரித்து ஏதோ சொன்னார். "ஷ்." அந்தச் சத்தம் அவள் வாயில் வெறும் காற்றாக வந்தது. கடைசியாக "ஸ்" என்று சொல்லவேண்டியதற்கு, பல்லை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் இழுத்தாள். சத்தமே வரவில்லை. வந்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரீட்சை முடித்த பிள்ளையின் சிரிப்பு இல்லை அது. உடம்பு முடியாத ஒருவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, குடித்தாயா என்று பார்ப்பவர்களின் சிரிப்பு.

நான் கொப்பியை எடுத்து, அன்றைய ஆறு கட்டத்திலும் சரி போட்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் போட்டேன் என்று சொல்லலாம். அவள் பார்க்காவிட்டாலும் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போனேன். ஒரே சட்டைக்கு இரண்டு தரம் கொலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். பக்கத்து மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நான் என் காலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒன்றுமே கேட்காமல் இருப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. அவள் எத்தனை காலை அப்படி உட்கார்ந்து, என் கை தோளில் படுவதற்குக் காத்திருந்து, மனதுக்குள் எண்ணி எண்ணிச் சொல்லியிருப்பாள்?

பதினொரு மணிக்கு, தலைவலி என்று சொல்லிவிட்டுக் குட்ஷெட் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கணவர் ஆட்டோவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் திரும்பாமலே, "எங்க போகணும் மெடம்?" என்று கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியில் பார்த்தார்.

அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன். வரிசையை மாற்றாதது, சவுக்கு, கிளினிக் தேதி, பேட்டரி, இன்று காலை. நடுவில் ஒருவர் வந்து, பேராதனை போகுமா என்று கேட்டார். கணவர் கையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்.

"எத்தன நாளா?" என்றார்.

"தெரியல. ஜூன்ல இருந்து இருக்கும்."

"அன்னைக்கு மண் வந்தப்ப பேட்டரின்னு சொன்னியே."

"ஆமா."

அவர் பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். "நான் கதிரையோட தூக்கினேனே, அப்ப அதுக்கு ஒண்ணுமே தெரியல. அப்பா என்னமோ விளையாடுறாருன்னு சிரிச்சிச்சி." பேப்பரைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "எனக்கும் தெரியும் புள்ள. தெரியாம இல்ல. நீ சரி போடுறத பாத்து நானும் பேசாம இருந்துட்டேன்."

அன்றைக்கே போனோம். பள்ளிக்கூடத்தில் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு, தேதி இல்லாமல், கிளினிக்கின் நீள மர வாங்கில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். நான் கொப்பியை நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். ஐந்து மாதம், எல்லாமே சரி. புரட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு நாளும் பிழை வரல்லையா?"

"நான் மாத்திச் சொல்லல," என்றேன். "வரிசையாவே சொன்னேன். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கொப்பியை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார். மகளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். நான் வெளியே, மகளுக்கு நேராக உட்கார்ந்தேன். அவர் பொத்தானை அழுத்தினார். மகள் கையைத் தூக்கினாள். மறுபடியும் மறுபடியும் தூக்கினாள். எனக்கு உயிர் வந்தது.

"அக்கா," என்றார் அந்தப் பெண், மெதுவாக. "கடைசியா ரெண்டு தரமும் நான் ஒண்ணும் போடல. நீங்க மூச்சப் புடிக்கிறத பாத்துத்தான் புள்ள கையத் தூக்குது. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நான் எழுந்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து மகளின் கண் என் பின்னாலேயே வந்தது. கதவைச் சாத்தும்போது அவள் முகம் முதல் தடவையாகப் பயந்ததைப் பார்த்தேன். வெளியே வாங்கில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணிநேரம் போயிருக்கும்.

கதவு திறந்தது. அந்தப் பெண், கேட்கும் அளவைக் கோடாகப் போட்ட தாளைக் காட்டினார். பழைய கோடு மேலே இருந்தது. புதுக் கோடு படிக்கட்டிலிருந்து தவறி விழுந்ததுபோலக் கீழே கிடந்தது. இடது காதில் அநேகமாக ஒன்றுமில்லை. வலது காதில் தடித்த சத்தங்கள் மட்டும், அதுவும் கருவியின் உதவியோடு.

"இது கொறைஞ்சது உங்களால இல்ல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் கொறைஞ்சிருக்கும்." தாளை மடித்தார். "ஆனா அஞ்சு மாசம் போயிரிச்சு. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

காதுக்குள்ளே கருவி பொருத்தும் சத்திரசிகிச்சைக்குப் பெயர் அனுப்பப்படும் என்றார். ஸ்கேன், வேறு பரிசோதனைகள், பெரிய டொக்டர்கள் கூடிப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. எப்போது அழைப்பார்கள் என்று அவரால் சொல்ல முடியாது. செய்த பிறகும் எவ்வளவு பேச்சு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை கையாலும், முகத்தாலும், படத்தாலும், எப்படியாவது பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். சைகை மொழி படிக்கவும் ஓரிடம் சொன்னார். கடைசியாக மகளைக் காட்டி, "இவவோட கதைங்க. ஏன் சொல்லல்லன்னு கேளுங்க. ஏசாம கேளுங்க," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏற்றத்தில் ஓரிடத்தில் கணவர் ஆட்டோவை ஓரம் கட்டினார். என்ஜின் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தாராம். நிறுத்திய பிறகுதான் அவருக்கு விளங்கியது. மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் மகளின் முகத்தை என் பக்கம் திருப்பி, மெதுவாக, வாயைத் திறந்து கேட்டேன்.

"கேக்கலன்னு ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவள் என் உதட்டைப் படித்தாள். "நீ அழுவ."

"அழுதா?"

"அழுதா நீ சாப்பிட மாட்ட. அப்பாவும் சாப்பிட மாட்டாரு. பாண் அப்பிடியே இருக்கும்."

நான் அழுதேன். நிறுத்த முடியவில்லை. அவள் உடனே என் முகத்தைத் துடைக்க வந்தாள். அவளுடைய கை எவ்வளவு பழக்கப்பட்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னைக் காட்டி, கண்ணைக் காட்டி, அவளுக்கு விளங்கும்வரை சொன்னேன்.

"அம்மா அழுவேன். அழுதுட்டுச் சாப்பிடுவேன். நீ சொல்லு. எது கேக்கலன்னாலும் சொல்லு."

அவள் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் நான் சோறு போட்டுச் சாப்பிடும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார். மூன்று பேரும் தட்டைக் காலியாக்கினோம். அவள் மறுசோறு கேட்டாள்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. அழைப்பு இன்னும் வரவில்லை. தபால்காரர் மேல் படியில் நின்றால், அவர் இறங்கி வரட்டும் என்று காத்திருப்பேன். அவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் வருகிறார். பின்மேட்டுக்குக் கணவர் கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார். மழை வந்தால் மகள் படுக்கும் அறையில் நாங்களும் படுக்கிறோம், அவள் கையை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு.

அவள் சொல்லப் பழகிவிட்டாள். வேலை விட்டு நான் படியிறங்கி வரும்போதே வந்து சொல்வாள். இன்றைக்கு மணி அடிச்சது கேக்கல. குக்கர் விசில் கேக்கல. அத்தை வந்திருந்தார், அவர் கத்தினதும் கேக்கல என்று சொல்லி அவளே சிரித்தாள். நாத்தனார் அன்று சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய் எனக்கு வெங்காயம் வெட்டித் தந்தார். ஒவ்வொரு நாளும் ஒன்று போகிறது, ஒவ்வொன்றையும் அவள் கொண்டுவந்து என்னிடம் தருகிறாள். சில நாள் அழுகிறேன், சில நாள் இல்லை. எதுவானாலும் அடுப்பு மூட்டுகிறேன்.

போன வாரம் தலை சீவி விடும்போது, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். அவளை என் பக்கம் திருப்பி உட்கார வைத்து, "அம்மா பேசுறது கேக்குதா?" என்றேன்.

"கேக்குது," என்றாள். "கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். ஒரு நெருப்புப்பெட்டி அளவு இருக்கும். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை அப்படியே வைத்திருந்தேன். அவள் இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு விரல்களையும் மெல்ல நெருக்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு பயறு நிற்கும் அளவு இடம் விட்டு, நிறுத்தினாள்.